யோர்தானைப் பாக்காமலே யோர்தான் கரையை வரைஞ்சவர்: இவானோவோட ஆயில் ஸ்கெட்ச்கள் எதுக்கு?

கேள்வி கேட்டவர் ஓவியம் படிக்கிறவர் போல. அவர் கேட்டது இதுதான்: பைபிள் காட்சி வச்சு பெரிய லேண்ட்ஸ்கேப் வரையறவங்க முன்கூட்டியே ஆயில் பெயிண்ட்லயே சின்னச் சின்னதா அத்தனை ஸ்கெட்ச் போடுறாங்களே, பென்சில்ல போட்டா பத்தாதா, ரஷ்யாக்காரர் அலெக்சாந்தர் இவானோவ் ஒரே படத்துக்கு நூத்துக்கணக்குல போட்டிருக்காரே, அது நிஜமாவே தேவைப்பட்டுச்சா, இல்ல முடிக்கப் பயந்து தள்ளிப்போட்டாரா?

ரெண்டாவது பாதிக்கு கடைசில வரேன். முதல்ல ஒண்ணு தெளிவாகிடணும். இந்த ஸ்கெட்ச் எதுவும் பெரிய படத்தோட குட்டி காப்பி கிடையாது. ஒவ்வொண்ணும் ஓவியருக்கு அதுவரைக்கும் விடை தெரியாத ஒரு விஷயத்தைத் தேடுது. இவானோவோட லேண்ட்ஸ்கேப் ஸ்கெட்ச்களை வரிசையா வச்சுப் பாத்தா எல்லாமே சுத்திச் சுத்தி ஒரே விஷயத்துக்குத்தான் வருது, அது தூரம். பக்கத்துல இருக்கிற பொருளுக்கும் ரொம்பத் தள்ளி இருக்கிற பொருளுக்கும் நடுவுல கண்ணுக்கு என்ன ஆகுது, வண்ணத்துக்கு என்ன ஆகுது. ஏன் அதையே தோண்டினார்னா அவர் படத்தோட கதையே தூரத்துலதான் இருக்கு.

படம் 'மக்களுக்குக் கிறிஸ்து காட்சியளித்தல்'. 1837ல பெரிய கேன்வாஸ்ல ஆரம்பிச்சு 1857 வரைக்கும் போச்சு, ரோம்ல இருந்துதான் முழுக்க வேலை. அளவு 5.4 மீட்டர் உயரம், 7.5 மீட்டர் அகலம், அதாவது ஏறக்குறைய 436 சதுர அடி, ஒரு சின்ன சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட் அளவு. இப்போ மாஸ்கோ திரெத்யாகோவ் கேலரில இருக்கு. யோர்தான் கரைல யோவான் ஸ்நானகன் நின்னுகிட்டு கையை நீட்டிக் காட்டுறார், "இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி"ன்னு யோவான் சுவிசேஷம் முதல் அதிகாரத்துல வர்ற அந்த நேரம். முன்னாடி கூட்டம் பெருசு பெருசா நிக்குது, தண்ணில இருந்து ஏறுறவங்க, துணி போடுறவங்க, சந்தேகப்படுறவங்க, கழுத்துல கயிறோட சிரிக்க ஆரம்பிக்கிற ஒரு அடிமை. கிறிஸ்து எங்க? அவ்ளோ தள்ளி, மொட்டை மேட்டுல, தனியா, சின்னதா நடந்து வர்றார். படத்துலயே சின்ன உருவங்கள்ல ஒண்ணு, ஆனா பாக்கிறவன் கண்ணு அங்கதான் போய் நிக்கணும். ஒளிவட்டம் வைக்கல, வானம் பிளக்கல. அப்போ எதை வச்சு கண்ணை இழுக்கிறது? நிலத்தை வச்சும் காத்தை வச்சும் வண்ணத்தை வச்சும்தான், வேற வழியே அவர் விட்டு வைக்கல.

இப்போ ஸ்கெட்ச் விஷயத்துக்கு வருவோம். இதுல ரெண்டு வகை இருக்கு, நிறைய பேர் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க. ஒண்ணு முழுப் படத்தையும் சின்னதாப் போட்டுப் பாக்கிறது, யார் எங்க நிக்கணும், மரம் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்க விழணும்னு முடிவு பண்ண. இவானோவ் 1830களோட முதல் பாதிலேயே இதை ஆரம்பிச்சிட்டார், நடுவுல வெனிஸ் போய் 16ஆம் நூற்றாண்டு ஓவியர் டிஷியன் காலத்து வண்ணங்களைப் பாத்துட்டு வந்து திரும்ப போட்டார். இந்த வகைல பெருசு ஒண்ணு பீட்டர்ஸ்பர்க் ரஷ்யன் மியூசியத்துல இருக்கு, அதுவே 172க்கு 247 சென்டிமீட்டர், நம்மள்ல பலருக்கு அதுவே வாழ்நாள் படமா இருக்கும். இன்னொரு வகை, ஒரே ஒரு பாகத்தை நேர்ல பாத்துப் போடுறது. ஒரு கல்லு, ஒரு கிளை, ஒரு தலை, வெயில்ல நிக்கிற ஒரு முதுகு. டிராயிங்கும் ஆயிலும் சேர்த்து 600க்கு மேலன்னு சொல்றாங்களே, அதுல பெரும் பங்கு இந்த ரெண்டாவது வகைதான்.

பென்சில் ஏன் பத்தாதுன்னா, பென்சில் உருவத்தைச் சொல்லும், இருட்டு வெளிச்சத்தைச் சொல்லும், ஆனா தூரத்து மலை நீலமா இல்ல சாம்பல் கலந்த ஊதாவா, அந்த நீலம் பக்கத்துல இருக்கிற காஞ்ச புல்லோட மஞ்சளுக்கு எதிர்ல எவ்ளோ பலமா தெரியுதுங்கறதைச் சொல்லாது. ஓரத்துல 'நீலம்'னு எழுதி வச்சுக்கலாம், ரூமுக்குப் போய் அந்த வார்த்தையைப் பாத்து எந்த நீலத்தைக் குழைக்கிறது? வாட்டர்கலர் பரவாயில்ல, ஆனா அது காஞ்சதும் வெளுத்துடும், கீழ இருக்கிற பேப்பரோட வெள்ளைதான் அதுக்கு வெளிச்சம். ஆயில்ல வெள்ளைங்கறதும் ஒரு பெயிண்ட், எடுத்துப் பூசணும், இருட்டு நல்ல ஆழமா வரும். அதனால ஆயில்ல போட்டுப் பாத்தது எதுவோ அதை அப்படியே பெரிய கேன்வாஸுக்குக் கொண்டு போகலாம், அதே வண்ணப்பொடி, அதே கலவை.

இதை இவானோவ் கண்டுபிடிக்கல. ரோம் பக்கம் வெளிய உக்காந்து ஆயில்ல போடுற பழக்கம் அவருக்கு முன்னாடியே நல்லா ஊறிப் போயிருந்துச்சு. வலான்சியென்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1800ல போட்ட பாடநூல்லயே வெளிய உக்காந்து ஒரு ஸ்கெட்ச்சுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல எடுக்காதீங்க, சூரியன் உதிக்கிறப்பவும் மறையுறப்பவும் அரை மணி நேரம்தான்னு சொல்லிருக்கார், ஏன்னா அதுக்குள்ள நிழல் நகர்ந்துடும், அப்புறம் நீங்க வரையறது ரெண்டு வேற வேற நேரத்தோட கலவை. பெரும்பாலும் பேப்பர்லதான் போடுவாங்க, பேப்பருக்கு மேல ஒரு பூச்சு கொடுத்து, பெட்டி மூடியோட உள்பக்கம் குத்தி வச்சு. சுமக்க லேசு, எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சிக்கும், சீக்கிரம் காயும். அப்புறமா அந்தப் பேப்பரைக் கேன்வாஸ்ல ஒட்டிடுவாங்க. இவானோவோட பல ஸ்கெட்ச்சும் இப்படி கேன்வாஸ்ல ஒட்டின பேப்பர்தான். ஆனா அவர் அந்த ரெண்டு மணி நேரக் கணக்குல நிக்கல. வேகமா ஒரு வெளிச்சத்தைப் பிடிச்சிட்டு ஓடி வர்ற ஆள் கிடையாது, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பாத்து, இலை இலையா உக்காந்து போட்டவர். அவரோட ஸ்கெட்ச் பல பேரோட முடிஞ்ச ஓவியத்தை விட முடிஞ்சதா இருக்கும்.

அவருக்கு உண்மைல ஆசை பாலஸ்தீனம் போகணும்னுதான். அவரை இத்தாலிக்கு அனுப்பினது பீட்டர்ஸ்பர்க்ல இருந்த கலைஞர் ஊக்குவிப்புச் சங்கம், 1830ல அனுப்புனாங்க. யோர்தானை நேர்ல பாக்கணும், அந்த ஊர் மண்ணு, அந்த ஊர் முகம் வேணும்னு கேட்டார், மறுத்துட்டாங்க. இத்தாலி ஓவியர் ரஃபேல் கிழக்குப் பக்கமே போகாம பெரிய ஓவியங்கள் படைக்கலையாங்கறது அவங்க வாதம். எனக்கு இதைப் படிக்கிறப்பல்லாம் ஆத்திரமா வரும், 15-16ஆம் நூற்றாண்டு ஆளுக்கு இருந்த தேவையும் இவருக்கு இருந்த தேவையும் ஒண்ணா? ரஃபேலுக்கு நிலம் பின்னணி, இவருக்கு நிலம்தான் சாட்சி.

சரி, யோர்தான் கிடைக்கல, அப்போ யோர்தானைத் துண்டு துண்டா இத்தாலில தேடினார். தேங்கின தண்ணிக்கும் தட்டையான வெறும் வெளிக்கும் ரோமுக்குத் தென்கிழக்கே இருந்த பொன்டைன் சதுப்பு நிலம், அந்தக் காலத்துல மலேரியா பூமி அது, ஆளுங்க பயந்து ஒதுங்கின இடம். வறண்ட பாறைக்கு சுபியாக்கோ. மரங்களுக்கு ரோமுக்குப் பக்கத்து ஊர்களான அரிச்சா, அல்பானோ பக்கம். வெயில்ல நிக்கிற உடம்புக்கு நேப்பிள்ஸ் வளைகுடா. ரோம்ல அவருக்கு நெருக்கமா இருந்த எழுத்தாளர் கோகோல், இவர் இப்படி ஒவ்வொரு கல்லையும் ஒவ்வொரு இலையையும் படிச்சதை 1847ல வெளியான ஒரு கடிதக் கட்டுரைல உருக்கமா எழுதி, இந்த ஆளுக்குப் பண உதவி பண்ணுங்கன்னு வாதாடினார். அந்த கோகோலே படத்துலயும் இருக்கார், கிறிஸ்துவுக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கிற ஆளுக்கு அவர்தான் மாடல்.

இப்போ சில ஸ்கெட்ச்சை ஜூம் பண்ணிப் பாப்போம், நல்ல ரெசல்யூஷன்ல கிடைக்குது, தேடிப் பாருங்க. முதல்ல '​சூரியன் மறையும் நேரத்தில் அப்பியன் சாலை', 1845. 44க்கு 61 சென்டிமீட்டர்தான், பெரிய படத்துல 150ல ஒரு பங்கு. பழைய ரோமானிய ரோடு உள்ள தள்ளிப் போகுது, ரெண்டு பக்கமும் இடிஞ்ச கல்லறைகள், காஞ்ச புல்லு செம்பழுப்பா, வெறிச்சோடின நிலம். அடிவானத்துல ரோம். அதுல பீட்டர் பேராலயத்தோட கும்மட்டம் ஒரு பொட்டு மாதிரி இருக்கு, சட்டுனு கண்ணுல படாது, ஆனா ஒருதடவை பாத்துட்டீங்கன்னா அப்புறம் படமே அங்கதான் போய் முடியுது. இதைத்தான் சொல்றேன். சின்ன உருவம், பெரிய காலி நிலம், கண்ணு தானா அங்க போகுது. பெரிய படத்துல கிறிஸ்துவுக்கு அவர் பண்ண வேண்டியிருந்தது அதேதான். இந்த ஸ்கெட்ச்ல யோர்தானும் இல்ல, பைபிளும் இல்ல, ஆனா அந்தப் படத்தோட முதுகெலும்பு இதுல இருக்குன்னு நான் நம்புறேன்.

அடுத்து அல்பானோ கல்லறைத் தோட்டத்துப் பக்கத்துல ஆலிவ் மரங்கள், மேல இளம்பிறை. முன்னாடி ஆலிவ் இலை ஒவ்வொண்ணும் தனித்தனியா, மெலிசா, வெள்ளி கலந்த பச்சைல. இலைக்கு நடுவுல இருக்கிற சந்து வழியாவே பின்னாடி விரியிற சமவெளி தெரியுது. நடுவுல பாலம் மாதிரி எதுவும் வைக்கல, பக்கமும் தூரமும் நேருக்கு நேர் முட்டிக்குது. 'கிளை'ன்னு ஒரு ஸ்கெட்ச் இருக்கு, அதுல இதை இன்னும் கறாரா பண்ணிருப்பார், மரம்கூட முழுசா இல்ல, ஒரே ஒரு கிளை, பின்னாடி முழுக்க தூரத்து நீலம், அவ்ளோதான் படம். இலைல வெயில் படுற இடம் வெதுவெதுப்பான பச்சை மஞ்சள், நிழல் பக்கம் குளிர்ச்சியா வானத்தோட நீலத்தை வாங்கியிருக்கு, அந்த நீலமும் பின்னாடி இருக்கிற நீலமும் ஒண்ணு இல்ல, ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறதுக்குத்தான் மொத்த உழைப்பும். தூரத்துல இருக்கிற இருட்டான பொருள் ஏன் நீலமாகுதுன்னா நடுவுல இருக்கிற காத்து நீல ஒளியைச் சிதறடிச்சு நம்ம கண்ணுக்கு அனுப்புது, தூரம் கூடக்கூட அந்தத் திரை தடிமனாகும், இருட்டு வெளிறிப் போகும், ஓரங்கள் மழுங்கும். இது எல்லா ஓவியருக்கும் தெரிஞ்ச சூத்திரம். இவானோவ் சூத்திரத்தை நம்பாம எத்தனாவது அடுக்குல எவ்ளோ மாறுதுன்னு நேர்ல உக்காந்து அளந்தார், அதுதான் வித்தியாசம்.

நேர் எதிர்ப்பக்கம் 'பலாத்சுவோலா அருகே தண்ணீரும் கற்களும்'. இதுல தூரமே கிடையாது, காலடில இருக்கிற ஈரக் கல்லும் ஆழம் குறைஞ்ச தண்ணியும். தண்ணிக்கு வெளிய இருக்கிற கல் ஒரு நிறம், நனைஞ்ச விளிம்பு இன்னொரு நிறம், தண்ணிக்குள்ள மூழ்கின பாகம் மூணாவது. பெரிய படத்தோட கீழ் ஓரத்துக்கு இந்தப் படிப்பு வேணும், ஏன்னா பாக்கிறவன் நிக்கிற இடம் அது, அங்க கல்லும் தண்ணியும் தொட்டுப் பாக்கலாம் போல இருந்தாத்தான் அதுக்கப்புறம் தூரம் தூரமா இருக்கும்.

நேப்பிள்ஸ் பக்கம் போட்ட பையன்களோட ஸ்கெட்ச் தனிக் கதை. துணி இல்லாத பையன்கள் திறந்த வெளில, கடலோரத்துல, கல்லு மேல, நேர் வெயில்ல. ஸ்டுடியோல ஒரு ஜன்னல் வெளிச்சத்துல மாடலை நிறுத்தினா நிழல் பழுப்பா இருக்கும், அகாடமில கத்துக்கொடுத்ததும் அதான். வெளிய நிழல்ல வானத்தோட நீலம் இருக்கு, பக்கத்துல விரிச்ச துணியோட சிவப்பு உடம்புல ஏறியிருக்கு, இவானோவ் அதை அப்படியே போட்டார். பிரான்ஸ்ல இம்ப்ரெஷனிஸ்ட்னு பேர் வாங்கினவங்க முதல் கண்காட்சி வச்சது 1874ல, இவர் 1858லயே செத்துட்டார். அதுக்காக அவங்களுக்கு இவர்தான் குருன்னு சொல்றது தப்பு. இவரும் அவங்களை மாதிரி ஒரு நொடி வெளிச்சத்தைத் தேடல, எப்பவும் மாறாத ஒரு உண்மையைத் தேடினார். வழில ரெண்டு பேரும் ஒரே இடத்தைத் தாண்டிப் போனாங்க, அவ்ளோதான்.

தலைகளைப் பத்தி நிறைய எழுதலாம், ஆனா கேள்வி லேண்ட்ஸ்கேப் பத்திங்கறதால ஒரு விஷயம் மட்டும். கிறிஸ்து முகத்துக்கு அப்பல்லோ பெல்வெடேர்ங்கற பழங்காலப் பளிங்குச் சிலையோட தலையையும் பைசாண்டியக் கிறிஸ்து முகத்தையும் உயிருள்ள மாடல் முகங்களையும் பக்கத்துல பக்கத்துல போட்டு ஒப்பிட்டார். பல இடத்துல கல் தலையும் மனுஷத் தலையும் ஒரே கேன்வாஸ்ல இருக்கும். பெரிய படத்துல அவ்ளோ தூரத்துல நிக்கிற முகத்துக்கு இத்தனை தேடலான்னு தோணும், ஆனா தூரத்துல இருக்கிற முகத்துல எதை விடணும்னு தெரியணும்னா முதல்ல எல்லாம் தெரிஞ்சிருக்கணும்ல.

சரி, இத்தனையும் பெரிய படத்துக்குள்ள போச்சான்னா, பாதிதான் போச்சு. நேர்மையா சொல்லணும்னா, பெரிய கேன்வாஸ்ல கூட்டத்து மேல விழுற வெளிச்சம் பல இடத்துல ஸ்டுடியோ வெளிச்சமாத்தான் இருக்கு. நேப்பிள்ஸ் பையன்கள் மேல விளையாடின வண்ண நிழல் அங்க அடங்கிப் போச்சு. 1830கள்ல முடிவான கம்போசிஷனுக்குள்ள, அதாவது யார் எங்கங்கற அமைப்புக்குள்ள, 1850கள்ல கத்துக்கிட்ட வண்ணத்தை ஊத்துறது லேசு இல்ல, ஒரு ஆளை மாத்தினா பக்கத்துல இருக்கிற பத்து ஆளையும் மாத்தணும். இதுக்குப் படத்துலயே ஒரு தடயம் இருக்கு. இடது பக்கம் கீழ தண்ணில நிக்கிற கிழவரைப் பாருங்க, இடுப்புத் துணி வெளிர் நிறம், ஆனா தண்ணில தெரியிற பிம்பத்துல துணி சிவப்பு. முதல்ல சிவப்பா வரைஞ்சிட்டு அப்புறம் மேல மாத்திருக்கார், கீழ மாத்தல. இவ்ளோ கவனமா கல்லும் தண்ணியும் படிச்ச மனுஷன் இதை விட்டாருன்னா, கடைசில கேன்வாஸ் எந்த நிலைல அவர் கையை விட்டுப் போச்சுன்னு புரிஞ்சுக்கலாம்.

ஆனா அந்த மேடு, அந்தத் தூரம், அது முழுசா வந்திருக்கு. கிறிஸ்து நடந்து வர்ற காஞ்ச மண்ணு, அவருக்குப் பின்னாடி மரமெல்லாம் தாண்டி வர்ற நீல மலை, கூட்டத்துல இருந்து அவர் வரைக்கும் காலியா கிடக்கிற வெளி. அந்த வெளில எதுவுமே நடக்கல, ஆனா படத்துலயே கனமான இடம் அதுதான். அப்பியன் சாலையும் கிளையும் ஆலிவும் இல்லாம அதை வரைஞ்சிருக்கவே முடியாது. 'ஸ்கெட்ச்தான் பிரமாதம், பெரிய படம் தோல்வி'ன்னு பேசுறவங்களோட நான் ஒத்துப்போகாததுக்குக் காரணம் இதான்.

இப்போ ரெண்டாவது பாதி, 20 வருஷம் தேவையா. பயந்து தள்ளிப்போட்டார்னு சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனா நடுவுல என்னென்ன நடந்துச்சுன்னு பாக்கணும். காசு எப்பவும் இழுபறி, இன்னும் எப்போ முடிப்பீங்கன்னு பீட்டர்ஸ்பர்க்ல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க, 1845 டிசம்பர்ல ஜார் நிக்கோலாய் ஸ்டுடியோவுக்கே வந்து பாத்துட்டுப் போனார். அதுக்கப்புறம் இவானோவோட மத நம்பிக்கையே ஆட்டம் கண்டுச்சு, இயேசுவோட வாழ்க்கையை வரலாறா ஆராய்ஞ்ச ஜெர்மன்காரர் ஷ்ட்ராவ்ஸோட எழுத்தைப் படிச்சு ரொம்பக் கலங்கினார், பைபிள் காட்சிகளை வாட்டர்கலர்ல வேற மாதிரி யோசிச்சு தனியா ஒரு பெரிய வரிசையே போட ஆரம்பிச்சார். ஆரம்பிச்சப்போ இருந்த ஆளும் முடிக்கிறப்போ இருந்த ஆளும் ஒண்ணு இல்ல. 1858ல படத்தை பீட்டர்ஸ்பர்க் கொண்டு போனார், வரவேற்பு அவர் எதிர்பார்த்த மாதிரி இல்ல, விலை முடிவாகாம இழுத்துக்கிட்டே இருந்தாங்க, ஜூலைல காலரால போயிட்டார், வயசு 51. ஜார் அலெக்சாந்தர் 15,000 ரூபிளுக்கு வாங்கினதா சேதி வந்தப்போ அவர் இல்ல. என் கருத்துல லேண்ட்ஸ்கேப் ஸ்கெட்ச்கள் நேரத்தை வீணாக்கல, அவரை வளத்துச்சு, அந்த வளர்ச்சிக்குப் பழைய கம்போசிஷன் பத்தல.

எல்லாரும் இப்படி இழுக்கல. பிரெஞ்சு ஓவியர் கோரோவைப் பாருங்க, பைபிள்ல பிள்ளையோட வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்ட ஆகாரோட படம், 1835ல பாரிஸ் சலோன்ங்கற பெரிய கண்காட்சில வச்சார், கிட்டத்தட்ட 1.8க்கு 2.7 மீட்டர், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு. அதுல நிக்கிற பெரிய மரம் ஃபோந்தென்ப்ளோ காட்டு ஓக் மரம், ரெண்டு மூணு வருஷம் முன்னாடி நேர்ல போட்ட ஆயில் ஸ்கெட்ச்ல இருந்து எடுத்தது, அந்த ஸ்கெட்ச்சும் அதே மியூசியத்துல இருக்கு, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம். பிரான்ஸ் மரத்தைத் தூக்கி பெயெர்செபா வனாந்தரத்துல நட்டிருக்கார், மரம் நிக்குது, நம்ப முடியுது. ஸ்கெட்ச்சை அவர் சேமிப்பு மாதிரி வச்சுக்கிட்டு வேணுங்கறப்போ எடுத்தார். ரஷ்யாலயே இன்னொருத்தர், பொலேனோவ், இவானோவுக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைச்சுது, 1881-82ல எகிப்து, சிரியா, பாலஸ்தீனம் சுத்தி வந்தார். அங்க போட்ட ஆயில் ஸ்கெட்ச்களை 1885ல காட்சிக்கு வச்சப்போ, அந்த மாஸ்கோ கேலரியை உருவாக்கின திரெத்யாகோவ் மொத்தமா வாங்கினார். 1887ல 'கிறிஸ்துவும் பாவியும்' பெரிய படம் வந்துச்சு. எருசலேமோட வெயில், கல்லு, சைப்ரஸ் மரம் எல்லாம் சரியா இருக்கு. இருந்தும் நேர்ல போன பொலேனோவோட பெரிய படத்தை விட போகாத இவானோவோட அந்த மொட்டை மேடுதான் எனக்கு யோர்தானா தெரியுது.

நீங்களே வரையப் போறீங்கன்னா ஒண்ணே ஒண்ணு. வெளிய போறதுக்கு முன்னாடி உங்க பெரிய படத்துல உங்களுக்கு விடை தெரியாத இடம் எதுன்னு குறிச்சுக்கோங்க, தண்ணி ஓரமா, தூரத்து மலையா, நிழல்ல நிக்கிற உடம்பா, அதுக்கு மட்டும் போடுங்க, சின்ன சைஸ்ல, படத்துக்குப் பயன்படுத்தப் போற அதே பெயிண்ட்ல. நல்லா வந்துருச்சேன்னு ஸ்கெட்ச்சை அப்படியே பெருசாக்காதீங்க. 44 சென்டிமீட்டர்ல ஒரு பிரஷ் இழுப்புல முடிஞ்ச தூரத்து மலை அஞ்சு மீட்டர்ல ஒரு ஆள் அகலத்துக்கு வரும், அங்க அதே வண்ணத்தைப் பூசினா செத்துப் போய்த் தெரியும், அதுக்குள்ள சின்னச் சின்ன மாற்றம் வேணும். அந்த மாற்றம் எங்க எங்கன்னு தெரியலைன்னா திரும்ப ஒருதடவை வெளிய போய் அந்த மலையை மட்டும் பாத்துட்டு வாங்க.